பாதுகாப்புக் குழு உறுப்பினர்களுக்குப் பயிற்சி அளிப்பது எப்படி? ஃபவுண்டரிகளுக்கான படிப்படியான வழிகாட்டி

உருக்கும் உலை, மோல்டிங் (மணலில் அச்சு செய்யும் பிரிவு), கோர் ஷாப் (வார்ப்பின் உள்வெற்றிடத்துக்கான உள்ளச்சு செய்யும் பிரிவு), ஃபெட்லிங் (வார்ப்பின் பிசிறுகளை நீக்கிச் சீராக்கும் பிரிவு), சிறிய மெஷின் ஷாப் ஆகிய எல்லாம் ஒரே வளாகத்தில் இயங்கும், கோவை வட்டாரத்தில் பரவலாகக் காணப்படும் நடுத்தர அளவு ஃபவுண்டரியை (உலோக வார்ப்பாலையை) மனத்தில் கொண்டு இந்த வழிகாட்டி எழுதப்பட்டிருக்கிறது. பாதுகாப்புக் குழுவுக்குப் புதிதாக வந்திருக்கும் தொழிலாளர்களையும் அதிகாரிகளையும் தயார்செய்யும் பொறுப்பு யாரிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறதோ, அவருக்கானது இது.

பல இடங்களில் இந்தப் பயிற்சி ஒரே நாளில் முடித்துவைக்கப்படுகிறது. வெளியிலிருந்து ஒருவர் வந்து காலையில் சட்டப் பிரிவுகளைத் திரையில் காட்டுவார். மதியம் தீயணைப்பான் செய்முறை நடக்கும். மாலையில் சான்றிதழும் குழுப் புகைப்படமும் தரப்படும். மறுவாரம் அந்த உறுப்பினரிடம் அவருடைய வேலை என்னவென்று கேட்டால், ஹெல்மெட் போடாதவர்களைக் கண்டுபிடித்துச் சொல்வது என்று பதில் வரும். உண்மையில் அவருடைய வேலை, ஓர் ஆபத்தைக் கண்டு, அதைப் பிறர் செயல்படக்கூடிய வகையில் எழுதி, கூட்டத்தில் பேசி, அது மாற்றப்படும்வரை பின்தொடர்வது. கீழே உள்ள படிகள் அந்த வரிசையிலேயே அமைந்துள்ளன.

மொத்தம் ஆறு அமர்வுகள் போதும். ஒவ்வொன்றும் அரை ஷிப்ட் நீளம், வாரத்திற்கு ஒன்று. அடுத்தடுத்த நாள்களில் நடத்தி முடிப்பது வசதியாகத் தோன்றினாலும் அப்படிச் செய்யாதீர்கள். இரண்டு அமர்வுகளுக்கு இடையில் உறுப்பினர் தன் பகுதிக்குத் திரும்பிச் சென்று கற்றதைச் செய்துபார்க்கும் வாரம்தான் பயிற்சியின் பெரும்பகுதி.

1. தொடங்குமுன் நிர்வாகத்திடம் எழுத்தில் பெற வேண்டியவை

முதலாவது, பயிற்சி நேரமும் குழுப் பணி நேரமும் பணி நேரமாகவே கணக்கிடப்படும் என்ற ஆணை. துண்டுக் கணக்கில் கூலி பெறுபவர்களுக்கு அந்த நேரத்தின் சராசரிக் கூலி தரப்பட வேண்டும் என்பதையும், உறுப்பினரின் இடத்தில் மாற்று ஆள் நிறுத்தப்படுவார் என்பதையும் அதில் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். மாற்று ஆள் இல்லாவிட்டால் உறுப்பினரின் வேலை பக்கத்தில் இருப்பவர் தலையில் விழும். இரண்டே வாரங்களில் சக தொழிலாளர்களே அவரைப் போக வேண்டாம் என்று சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

இரண்டாவது, ஆவணங்களைப் பார்க்கும் அனுமதி. விபத்துப் பதிவேடு, கிரேன் மற்றும் தூக்குக் கருவிகளின் பரிசோதனை அறிக்கைகள், தூசு மற்றும் இரைச்சல் அளவீடுகள், வேதிப்பொருள்களின் பாதுகாப்புத் தரவுத் தாள்கள் ஆகியவை இதில் அடங்கும். மருத்துவப் பரிசோதனையைப் பொறுத்தவரை தனிநபர் விவரம் வேண்டாம். பகுதிவாரியாக எத்தனை பேருக்கு மூச்சுத்திறன் அல்லது கேட்கும் திறன் குறைந்திருக்கிறது என்ற தொகுப்பு போதும்.

மூன்றாவது, குழு எழுதித் தரும் ஒவ்வொரு குறிப்புக்கும் எத்தனை நாள்களுக்குள் பதில் வரும் என்ற உறுதி. ஏழு வேலைநாள்கள் என்பது நியாயமான கெடு. பதில் 'முடியாது' என்றுகூட இருக்கலாம், காரணத்தோடு இருந்தால் சரி. பதிலே வராத குறிப்புகள் மூன்று சேர்ந்துவிட்டால் உறுப்பினர் நான்காவது குறிப்பை எழுத மாட்டார்.

இந்த மூன்றும் கைக்கு வராமல் பயிற்சியைத் தொடங்குவதைவிட ஒரு மாதம் தள்ளிப்போடுவது மேல் என்பது என் கருத்து.

2. உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தல்

தொழிலாளர் பிரதிநிதிகளின் எண்ணிக்கை நிர்வாகப் பிரதிநிதிகளின் எண்ணிக்கையைவிடக் குறையக் கூடாது. பதிவுபெற்ற சங்கம் இருந்தால் அதனுடன் கலந்துதான் தொழிலாளர் தரப்பைத் தேர்வு செய்ய வேண்டும். சங்கம் இல்லாத இடங்களில் ஒவ்வொரு பகுதியும் தன் ஆளைத் தானே கைதூக்கித் தேர்ந்தெடுக்கட்டும். ஹெச்.ஆர். துறை பட்டியல் தயாரித்து ஒட்டினால், அமைதியானவர்களும் ஆமாம் போடுபவர்களும் மட்டுமே அதில் இருப்பார்கள்; அவர்களிடம் யாரும் எதையும் சொல்ல மாட்டார்கள்.

பகுதிக்கு ஒருவர் என்பதோடு நிறுத்தாமல், இரவு ஷிப்டில் வழக்கமாக வருபவர் ஒருவர், காண்ட்ராக்ட் தொழிலாளர் ஒருவர், கோர் ஷாப்பில் பெண்கள் வேலை செய்தால் அவர்களில் ஒருவர் கட்டாயம் இடம்பெற வேண்டும். ஒடிசா, பீகார் மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் ஃபெட்லிங்கிலும் நாக்-அவுட்டிலும் (மணல் அச்சை உடைத்து வார்ப்பை வெளியே எடுக்கும் இடம்) அதிகம் இருக்கிறார்கள் என்றால், தூசும் இரைச்சலும் அதிகம் உள்ள அந்த இடங்களுக்கு அவர்கள் மொழி பேசும் பிரதிநிதி இல்லாமல் குழு அமைப்பதில் பொருளில்லை. அப்படி வருபவருக்காகப் பயிற்சி இருமொழியில் நடக்கும். அதனால் நேரம் கூடும் என்பதை முன்கூட்டியே கணக்கில் கொள்ளுங்கள்.

நிர்வாகத் தரப்பில் உற்பத்தி, மெயின்டனன்ஸ் இரண்டும் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். பர்ச்சேஸ் துறையை மறந்துவிடுவார்கள். விலை குறைந்த கையுறையையும் முத்திரையில்லாத ஷாக்கிளையும் (சுமை தூக்கப் பயன்படும் இணைப்பு வளையம்) வாங்குவது அந்த மேசைதான். ஆகவே அந்த மேசையில் இருப்பவர் குழுவில் இருக்க வேண்டும். தலைவராக, செலவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் உள்ள மூத்த அதிகாரி ஒருவர் அமரட்டும். 'மேலே கேட்டுச் சொல்கிறேன்' என்று மட்டுமே சொல்லக்கூடியவர் தலைவரானால் எல்லாக் கூட்டங்களும் அதே வாக்கியத்தில் முடியும்.

இரு தரப்பினரையும் ஒரே அறையில், ஒரே பயிற்சியில் உட்காரவைக்க வேண்டும். தனித்தனியாகப் பயிற்றுவித்தால், கூட்டத்தில் ஒரே சொல்லுக்கு இரு தரப்பும் இரண்டு பொருள் கொள்ளும்.

3. முதல் அமர்வு: ஒரே ஓர் இயந்திரத்தின் முன்

வகுப்பறையில் தொடங்காதீர்கள். எல்லோரையும் ஃபெட்லிங் பகுதியில் உள்ள ஒரு பெடஸ்டல் கிரைண்டரின் (தரையில் நிறுத்திய சாணைக்கல் இயந்திரம்) முன் அழைத்துச் சென்று, ஆளுக்கு ஒரு வெள்ளைத் தாள் கொடுத்து, இருபது நிமிடம் பேசாமல் பார்த்து எழுதச் சொல்லுங்கள். செக்லிஸ்ட் தரக் கூடாது. செக்லிஸ்ட் கையில் இருந்தால் கண் தாளில் இருக்கும். அதில் இல்லாத ஆபத்து கண்ணில் படாது.

முதல் சுற்றில் எழுதப்படுபவை ஏறக்குறைய எல்லாமே ஆளைப் பற்றியவையாக இருக்கும்: கண்ணாடி போடவில்லை, மாஸ்க் கழுத்தில் தொங்குகிறது, செருப்போடு நிற்கிறார். அவற்றைத் திருத்தாமல் வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டாம் சுற்றில் ஆளை விட்டுவிட்டு இயந்திரத்தை மட்டும் பார்க்கச் சொல்லிக் கேள்விகளை அடுக்குங்கள். கல்லுக்கும் வொர்க் ரெஸ்டுக்கும் (வார்ப்பைத் தாங்கி வைக்கும் தட்டு) இடையே எவ்வளவு இடைவெளி? அது 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் வார்ப்புத் துண்டு உள்ளே இழுக்கப்பட்டுச் சிக்கும். விரலும் கூடவே போகும். கையில் 3 மில்லிமீட்டர் தகடு ஒன்றை வைத்துக்கொண்டு அந்த இடைவெளியில் நுழைத்துக் காட்டினால், தகடு தாராளமாக ஆடுவதை அவர்களே பார்ப்பார்கள்.

கல்லின் மீது அச்சிடப்பட்டிருக்கும் அதிகபட்சச் சுழற்சி வேகம் எவ்வளவு, ஸ்பிண்டில் (கல்லைச் சுழற்றும் தண்டு) எவ்வளவு வேகத்தில் சுழல்கிறது? இரண்டாவது எண் முதல் எண்ணைவிடக் கூடுதலாக இருந்தால் கல் உடைந்து சிதறலாம். கடைசியாகக் கல்லை மாற்றியவர் யார், மாட்டுமுன் தட்டிப் பார்த்தாரா? விட்ரிஃபைட் கல்லை (சூளையில் சுட்ட பிணைப்புள்ள சாணைக்கல்) மரப்பிடியால் மெல்லத் தட்டினால் மணிபோல ஒலிக்க வேண்டும். விரிசல் இருந்தால் மந்தமான ஓசை வரும். ஸ்டோர்ஸிலிருந்து நல்ல கல் ஒன்றையும் விரிசல் விட்டு ஒதுக்கிய கல் ஒன்றையும் எடுத்துவந்து ஒவ்வொருவரையும் தட்டிக் கேட்கச் செய்யுங்கள். இந்த ஐந்து நிமிடத்தை எந்தத் திரைக்காட்சியும் ஈடுசெய்யாது.

மூன்றாம் சுற்றில் அந்த இயந்திரத்தை ஓட்டுபவரிடம் பேச வேண்டும். இங்கே கேள்வியைக் கவனமாக அமைக்கப் பழக்குங்கள். 'இதில் என்ன ஆபத்து?' என்று கேட்டால் 'ஒண்ணும் இல்லைங்க' என்ற பதிலே வரும். ஆபத்து என்று சொன்னால் தனக்கு வேலை தெரியாது என்று நினைத்துவிடுவார்களோ என்ற தயக்கம் அவருக்கு இருக்கிறது. 'இந்த மெஷினில் எது தொந்தரவு பண்ணுது?' என்று கேட்டால், சுவிட்ச் எட்டாத இடத்தில் இருப்பதும், தூசு உறிஞ்சும் குழாய் அடைத்துக்கொண்டிருப்பதும், விளக்கு எரியாமல் கிடப்பதும் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவரும்.

அமர்வு முடியும்போது முதல் சுற்றுத் தாளைத் திருப்பிக் கொடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே போதுமான விளக்கம்.

4. இரண்டாம் அமர்வு: குறிப்பு எழுதுதல்

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான்; அதனால் ஓர் அமர்வை முழுமையாக இதற்கே ஒதுக்க வேண்டும். பார்க்கத் தெரிந்தவர்களுக்குக்கூட, பார்த்ததைப் பிறர் செயல்படும்படி எழுதத் தெரிவதில்லை. வழக்கமாக வரும் குறிப்பு இப்படி இருக்கும்:

'ஃபெட்லிங் பகுதியில் ஸ்லிங் சரியில்லை. உடனடி நடவடிக்கை எடுக்கவும்.'

இதைப் படிக்கும் மெயின்டனன்ஸ் பொறியாளருக்கு எந்த ஸ்லிங் (சுமையைக் கட்டித் தூக்கும் கயிறு), என்ன பழுது, என்ன செய்ய வேண்டும் என எதுவும் தெரியாது. அவர் ஒரு ஹெல்பரை அனுப்புவார். அந்த ஹெல்பர் வெளியே தொங்கும் நல்ல ஸ்லிங்கைப் பார்த்துவிட்டு வந்து எல்லாம் சரியாக இருக்கிறது என்பார். அதே செய்தியைக் கீழ்க்கண்டவாறு எழுதப் பழக்குங்கள்:

'ஃபெட்லிங், இரண்டாம் பே. 2 டன் என்று வில்லை கட்டிய கம்பிக் கயிறு ஸ்லிங்கில், கொக்கியில் மாட்டும் கண்ணுக்கு அருகே இழைகள் அறுந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. காலை ஷிப்டில் பம்ப் ஹவுசிங் வார்ப்புகளைத் திருப்ப இதையே பயன்படுத்தினர். ஸ்டோர்ஸில் மாற்று ஸ்லிங் இல்லாததால் இது தொடர்ந்து பயன்பாட்டில் இருக்கிறது. இன்றே செய்ய வேண்டியது: இந்த ஸ்லிங்கை எடுத்துப் பூட்டி வைத்தல். நிலையாகச் செய்ய வேண்டியது: இந்த அளவில் இரண்டு ஸ்லிங்குகள் எப்போதும் இருப்பில் இருத்தல்.'

இடம், கண்ணால் கண்டது, யார் எப்போது அதன் பாதிப்புக்கு உள்ளாகிறார்கள், ஏன் அது இன்னும் நீடிக்கிறது, இன்று செய்ய வேண்டியது, நிலையாகச் செய்ய வேண்டியது என்பதே வரிசை. இவற்றில் நான்காவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஏன் நீடிக்கிறது என்ற வரி இருந்தால்தான் குறிப்பு சரியான மேசைக்குப் போகும். மேலே உள்ள எடுத்துக்காட்டில் அது மெயின்டனன்ஸுக்கு அல்ல, பர்ச்சேஸுக்குப் போக வேண்டியது.

தொழிலாளியின் பெயரைக் குறிப்பில் எழுதக் கூடாது என்பதை முதல் நாளிலிருந்தே விதியாக வையுங்கள். ஒருமுறை ஒரு பெயர் எழுதப்பட்டு அவருக்கு மெமோ கொடுக்கப்பட்டுவிட்டால், அதன்பின் குழு உறுப்பினர் நடந்து வருவதைக் கண்டாலே பேச்சு நின்றுவிடும். 'மோசமான', 'அலட்சியமான' போன்ற சொற்களும் வேண்டாம். அவை படிப்பவரைத் தற்காப்புக்குத் தள்ளும். பழுதைப் பற்றி எதுவும் சொல்லாது.

எழுதச் சிரமப்படுபவர்கள் குழுவில் இருப்பார்கள். அவர்கள் கைபேசியில் குரல் பதிவாகச் சொல்லட்டும், அல்லது படம் எடுக்கட்டும். செயலாளர் அதை எழுத்தாக்கி அவருக்கே படித்துக் காட்டி ஒப்புதல் பெறட்டும். படத்தில் முகம் விழக் கூடாது, அளவு தெரிய ஒரு ஸ்கேலோ கையோ பக்கத்தில் இருக்க வேண்டும், தொலைவிலிருந்து ஒன்றும் அருகிலிருந்து ஒன்றுமாக இரண்டு படங்கள் வேண்டும்.

அடுத்த அமர்வுக்குள் ஒவ்வொருவரும் தன் பகுதியிலிருந்து இரண்டு குறிப்புகள் கொண்டுவர வேண்டும். அவற்றை உண்மையாகவே நிர்வாகத்துக்கு அனுப்பிவிடுங்கள். பயிற்சிக்காக எழுதியது என்று ஒதுக்கிவைத்தால் எழுதியவருக்கும் அது விளையாட்டாகிவிடும்.

5. மூன்றாம் அமர்வு: தீர்வுகளின் வரிசை

குறிப்பு எழுதத் தெரிந்த உடனேயே அடுத்த சிக்கல் வரும். எல்லா ஆபத்துக்கும் கையுறை, மாஸ்க், விழிப்புணர்வு ஆகிய மூன்றையே தீர்வாக எழுதுவார்கள். நிர்வாகத்துக்கு அது மலிவு. தொழிலாளருக்கோ இதுவரை கேட்டுக் கிடைத்த பொருள் அது ஒன்றுதான்.

ஆபத்தை அடியோடு நீக்க முடியுமா, ஆபத்துக் குறைந்த ஒன்றால் மாற்ற முடியுமா, தடுப்பு, உறிஞ்சுகுழாய் போன்ற பொறியியல் ஏற்பாடு செய்ய முடியுமா, வேலைமுறையை மாற்ற முடியுமா, இவை எதுவும் போதாவிட்டால் கடைசியாக எந்தப் பாதுகாப்பு உபகரணம் என்ற வரிசையில் கேட்கப் பழக்க வேண்டும். வரிசையை மனப்பாடம் செய்ய வைப்பதில் பயன் இல்லை. ஒரே ஆபத்தை எடுத்துக்கொண்டு அதன் வழியாகக் கீழே இறங்கி வாருங்கள்.

இண்டக்‌ஷன் ஃபர்னஸுக்குள் (மின்சாரத்தால் உலோகத்தை உருக்கும் உலை) ஈரமான ஸ்கிராப் விழுவதை எடுத்துக்கொள்ளலாம். உருகிய உலோகத்தின் அடியில் சிக்கும் நீர் நொடியில் ஆவியாகிப் பல மடங்கு விரிவதால் உலோகம் வெடித்துத் தெறிக்கும். இரு முனையும் மூடிய குழாய், வண்டிகளின் ஷாக் அப்சார்பர் போன்றவையும் இதே வகைதான். முகக்கவசமும் அலுமினியப் பூச்சுள்ள அங்கியும் தேவைதான் என்றாலும் அவை வெடிப்பு நடந்தபின் உதவுபவை. மூடிய துண்டுகளை ஸ்கிராப் வாங்கும் இடத்திலேயே மறுப்பது, ஸ்கிராப் யார்டுக்குக் கூரை போடுவது, உலையில் இடுமுன் சூடாக்கி உலர்த்துவது, தரம்பிரிக்கும் ஆளுக்கு வெட்டித் திறக்கும் கருவி தருவது என்று மேலிருந்து எத்தனை தீர்வுகள் இருக்கின்றன என்பதைப் பலகையில் அவர்களையே எழுதவையுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னரே கூரை பற்றிய குறிப்பு போய்விட வேண்டும் என்று யாராவது ஒருவர் சொல்வார். அமர்வு பலித்துவிட்டது என்பதற்கு அது நல்ல அடையாளம்.

ஒவ்வொரு தீர்வையும் ஒரு கேள்வியால் சோதிக்கலாம்: இரவு ஷிப்டில் நான்கு மணிக்கு, தூக்கக் கலக்கத்தில் இருப்பவருக்கும் இது வேலை செய்யுமா? கூரை செய்யும். 'ஈர ஸ்கிராப்பைப் போடாதீர்கள்' என்ற பலகை செய்யாது.

6. நான்காம் அமர்வு: கண்ணுக்குத் தெரியாதவையும் ஆவணங்களும்

ஃபவுண்டரியில் உடனே காயப்படுத்தும் ஆபத்துகளைவிட ஆண்டுக்கணக்கில் உடலில் சேரும் ஆபத்துகளே குழுவின் பார்வையிலிருந்து தப்புகின்றன. மோல்டிங் மணலில் உள்ள சிலிக்கா நுண்தூசு நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் வரப் பல ஆண்டுகள் ஆகும். வந்தபின் நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்பாது. நுரையீரலின் ஆழம்வரை போகும் தூசு கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது என்பதால், 'தூசு தெரியவில்லை, அதனால் இல்லை' என்ற எண்ணத்தை முதலில் உடைக்க வேண்டும். நாக்-அவுட் பகுதியில் விளக்குகளை அணைத்துவிட்டு ஒரு வலுவான டார்ச்சைத் தூசுக்குப் பின்னாலிருந்து அடித்து, பக்கவாட்டில் நின்று பார்க்கச் செய்தால் மிதக்கும் தூசு ஒளியில் தெரியும்.

பிறகு, அந்தத் தூசை நாமே எழுப்பும் பழக்கங்களைப் பட்டியலிடச் சொல்லுங்கள். உலர்ந்த தரையைத் துடைப்பத்தால் கூட்டுவதும், ஷிப்ட் முடிந்து கம்ப்ரஸர் காற்றால் சட்டையை ஊதிக்கொள்வதும் முதலில் வரும். இரண்டாவதை நிறுத்துவது கடினம்; வீட்டுக்கு அழுக்கோடு போக யாருக்கும் விருப்பமில்லை. ஆகவே தடை மட்டும் போதாது, குளிக்கவும் உடை மாற்றவும் இடம் கேட்டுக் குறிப்பு எழுத வேண்டும்.

இரைச்சலுக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. கைநீளத் தொலைவில் நிற்பவரிடம் உரத்துக் கத்தினால்தான் கேட்கிறது என்றால் அங்கே அளவீடு செய்யச் சொல்லிக் கேட்க வேண்டும். எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபெல் என்பது நம் தொழிற்சாலை விதிகளில் உள்ள வரம்பு.

அமர்வின் பின்பகுதியில் ஆவணங்களைக் கையில் கொடுங்கள். கிரேன், செயின், ஸ்லிங் ஆகியவற்றைத் தகுதிபெற்ற நபர் பன்னிரண்டு மாதத்திற்கு ஒருமுறையாவது முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும் என்பது நெடுநாளாக உள்ள விதி. அறிக்கையைக் கொடுத்துவிட்டு, அதில் உள்ள அடையாள எண்ணோடு ஷாப் ஃப்ளோரில் இருக்கும் பொருளைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அறிக்கையில் இருப்பது ஃப்ளோரில் இருக்காது, ஃப்ளோரில் இருப்பது அறிக்கையில் இருக்காது. இந்த இரண்டு பட்டியல்களும் அப்படியே குழுவின் முதல் கூட்டத்துக்கான பொருளாகிவிடும். வேதிப்பொருள் தாளில் எல்லாப் பக்கமும் வேண்டாம். கோர் ஷாப்பில் பயன்படும் ரெசின் (மணலைப் பிணைக்கும் பிசின்) ஒன்றை எடுத்து, ஆபத்துகள், முதலுதவி, எந்தக் கையுறை என்ற மூன்று இடங்களை மட்டும் படித்துத் தமிழில் சொல்லச் செய்தால் போதும்.

7. ஐந்தாம் அமர்வு: விபத்து விசாரணை

விபத்துப் பதிவேட்டில் 'காரணம்' என்ற கட்டத்தைத் திறந்து பார்த்தால் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்பதே திரும்பத் திரும்ப இருக்கும். இந்த அமர்வில் அந்தச் சொல்லைத் தடைசெய்துவிடுங்கள். கவனம் எல்லோருக்கும் எப்போதாவது தவறும். தவறும் நேரத்தில் எது அவரைக் காப்பாற்றியிருக்க வேண்டும், அது ஏன் அங்கே இல்லை என்பதுதான் விசாரணைக்கு உரிய கேள்வி.

ஒரு கற்பனை நிகழ்வைக் கொடுங்கள்: வார்ப்பைத் திருப்பும்போது செயின் நழுவி, ஹெல்பரின் கால் நசுங்கியது. இரண்டு அணிகளாகப் பிரித்து, நிகழ்வுக்கு முந்தைய நிமிடங்களை நேர வரிசையில் எழுதச் செய்து, ஒவ்வொரு வரிக்கும் 'ஏன்' என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். செயின் ஏன் நழுவியது? கொக்கியில் லாட்ச் (சுமை நழுவாமல் கொக்கியின் வாயை மூடும் தாழ்) இல்லை. ஏன் இல்லை? உடைந்து பல நாளாகிறது. ஏன் மாற்றவில்லை? அறிக்கை செய்ய யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. ஹெல்பர் ஏன் சுமைக்கு அருகே நின்றார்? வார்ப்பைக் கையால் தள்ளித்தான் திருப்ப வேண்டியிருக்கிறது. இழுக்கும் கயிறு தரப்படவில்லை. நிர்வாகம் மாற்றக்கூடிய ஒன்றில் போய் முட்டும்போது நிறுத்தலாம். 'அவர் அப்படித்தான்' என்பதில் போய் நின்றால் ஒரு படி பின்னால் வந்து மறுபடி கேட்க வேண்டும்.

பேட்டி எடுப்பதற்கும் ஒத்திகை தேவை. பார்த்தவரிடம் தனியாக, முடிந்தால் நடந்த இடத்திலேயே, அவருடைய மொழியில், சூப்பர்வைசர் பக்கத்தில் இல்லாமல் பேச வேண்டும். முதல் கேள்வி 'என்ன நடந்தது, ஆரம்பத்திலிருந்து சொல்லுங்கள்' என்பதாக இருக்கட்டும். இடையில் குறுக்கிடக் கூடாது. காயம்பட்டவரை மருத்துவமனைக்கு அனுப்பியதும் முதலில் செய்ய வேண்டியது இடத்தைக் கயிறு கட்டி நிறுத்திவைப்பது. உற்பத்தி தொடங்க வேண்டும் என்ற அவசரத்தில் இரத்தத்தைக் கழுவி, செயினை மாட்டிவிட்டால் விசாரிப்பதற்கு எதுவும் மிஞ்சாது.

காயமில்லாமல் தப்பிய நிகழ்வுகளையும் இதே முறையில் எடுத்துக்கொள்ளலாம். அவற்றில் யாருக்கும் பயம் இல்லாததால் உண்மை எளிதாக வெளிவரும்.

8. ஆறாம் அமர்வு: ஒத்திகைக் கூட்டம்

குழு மூன்று மாதத்திற்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்பது வழக்கமான விதி. ஃபவுண்டரிக்கு அது போதாது. மாதம் ஒருமுறை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒத்திகையில் வேடங்களை மாற்றிப் போடுவது பயனளிக்கும். உற்பத்தி மேலாளர் ஃபெட்லிங் தொழிலாளியாகவும், ஃபெட்லிங் தொழிலாளி மேலாளராகவும் பேசட்டும். மூன்றாம் அமர்வுக்குக் கொண்டுவந்த உண்மையான குறிப்புகளே நிகழ்ச்சிநிரல். 'பட்ஜெட் இல்லை' என்று சொல்லும் இடத்தில் அமர்ந்து பார்த்த தொழிலாளி, அடுத்தமுறை செலவு மதிப்பீட்டையும் கேட்டுக்கொண்டு வருவார். மேலாளருக்கு என்ன புரியும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

கூட்டத்தின் வரிசையில் பழைய பொருள்கள் முதலில், புதியவை பின்னால். வரிசையைத் திருப்பினால் புதியவற்றிலேயே நேரம் போய், பழையவை அடுத்த மாதத்துக்குத் தள்ளப்பட்டுக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பொருளின் முடிவிலும் யார், எந்தத் தேதிக்குள் என்ற இரண்டும் எழுதப்பட வேண்டும். 'இனி கவனமாக இருக்க அறிவுறுத்தப்பட்டது' என்று எழுதினால் முடிவு எடுக்கப்படவில்லை என்றே பொருள். அதைச் செயலாளர் ஏற்காமல் மறுபடி கேட்கப் பழக வேண்டும்.

போனஸ், பதவி உயர்வு, ஷிப்ட் தகராறு ஆகியவை இங்கே வரக் கூடாது; அவற்றுக்கு வேறு மேடைகள் இருக்கின்றன. எல்லையில் நிற்கும் பொருள்களும் உண்டு. கேன்டீன் சாப்பாட்டின் ருசி குழுவின் வேலை அல்ல. உலைக்கு அருகில் குடிநீர் இல்லாதது, சித்திரை வெயிலில் உருக்கும் பிரிவில் இருப்பவர்களுக்கு இடைவேளை போதாதது ஆகியவை நிச்சயமாகக் குழுவின் வேலை.

குறிப்பேடு இரண்டு நாளுக்குள் தயாராகி, இரு தரப்பும் கையெழுத்திட்டு, தமிழிலும் இந்தியிலும் தகவல் பலகையில் ஒட்டப்பட வேண்டும். ஆய்வுக்கு வரும் அதிகாரி முதலில் கேட்கும் ஏடுகளில் இதுவும் ஒன்று.

9. சட்டத்தில் எவ்வளவு தெரிந்தால் போதும்

மிகக் கொஞ்சம். ஆறாம் அமர்வின் முடிவில் அரை மணி நேரம் ஒதுக்கினால் தாராளம்.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 41ஜி பிரிவு, அபாயகரமான செயல்முறை நடக்கும் தொழிற்சாலைகளில் பாதுகாப்புக் குழுவைக் கட்டாயமாக்கியது. ஃபவுண்டரிகள் அபாயகரமான செயல்முறைகளின் பட்டியலில் உள்ளவை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த, 2020-ஆம் ஆண்டின் தொழிற்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணி நிலைமைகள் சட்டத்தொகுப்பில் குழு பற்றிய விதி 22-ஆம் பிரிவில் இருக்கிறது. பாதுகாப்பு அலுவலர் நியமனமும் அதே பிரிவில் வருகிறது: பொதுவாக 500 தொழிலாளர்கள், அபாயகரமான செயல்முறை என்றால் 250.

உறுப்பினர் மறக்கவே கூடாதது இதே சட்டத்தொகுப்பின் 14-ஆம் பிரிவு. உடனடியாகக் கடும் காயமோ உயிரிழப்போ நேரும் என்று நியாயமான அச்சம் இருந்தால், தொழிலாளி அதை நேரடியாகவோ பாதுகாப்புக் குழு உறுப்பினர் வழியாகவோ நிர்வாகத்துக்குத் தெரிவிக்கலாம். அதே நேரத்தில் அரசின் ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம். அச்சம் சரி என்று தெரிந்தால் நிர்வாகம் உடனே சரிசெய்ய வேண்டும். இல்லை என்று கருதினால் விஷயத்தை ஆய்வாளரிடம் அனுப்ப வேண்டும், அவர் முடிவே இறுதி. இதைச் சொல்லிவிட்டு நிறுத்தாமல், இரவு பதினொரு மணிக்கு அப்படி ஒரு தகவல் வந்தால் யாரைக் கைபேசியில் அழைப்பது, அவர் எடுக்காவிட்டால் அடுத்து யார் என்ற பட்டியலை எழுதி ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் வைக்கச் செய்யுங்கள்.

10. அடுத்த மூன்று மாதங்கள்

பயிற்சி பெற்றவரைத் தனியாக விட்டுவிடாமல், முதல் மூன்று மாதச் சுற்றுப்பார்வைகளில் தொழிலாளர் பிரதிநிதி ஒருவரும் நிர்வாகப் பிரதிநிதி ஒருவரும் ஜோடியாகப் போகட்டும், ஆனால் தத்தம் பகுதிக்கு அல்லாமல் வேறொரு பகுதிக்கு. தினமும் பார்க்கும் பழுது கண்ணுக்குப் பழகிப்போய்விடும். கோர் ஷாப்பில் இருப்பவர் ஸ்கிராப் யார்டுக்குப் போனால்தான் அது தெரியும்.

பயிற்றுவித்தவர் இந்தக் காலத்தில் பார்க்க வேண்டியது எத்தனை குறிப்புகள் வந்தன என்பதை அல்ல. எத்தனை முடிக்கப்பட்டன, முடிக்கப்பட்டவற்றில் எத்தனை கையுறையும் பலகையும் அல்லாத தீர்வுகள் என்பதைப் பாருங்கள். எண்ணிக்கைக்குப் பரிசு அறிவித்தால் தரையில் கிடக்கும் எண்ணெய்த் துளிகளைப் பற்றியே கட்டுக்கட்டாகக் குறிப்பு வரும். விபத்தில்லாத நாள்களுக்குப் பரிசு அறிவிப்பது இதைவிட மோசம்; பரிசு போய்விடக் கூடாதே என்று விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்வார்கள்.

குழுவின் காலம் வழக்கமாக இரண்டு ஆண்டுகள். எல்லோரையும் ஒரே நாளில் மாற்றாமல் பாதிப் பேரை ஓராண்டு இடைவெளியில் மாற்றினால், புதியவர்கள் பழையவர்களோடு சுற்றுப்பார்வைக்குப் போய்க் கற்றுக்கொள்ள முடியும். விலகுபவர் முடிக்கப்படாத குறிப்புகளின் பட்டியலைப் புதியவரிடம் அந்தந்த இடத்திலேயே காட்டி, கையெழுத்து வாங்கி ஒப்படைக்க வேண்டும். காண்ட்ராக்ட் தொழிலாளர் பிரதிநிதி பாதியில் ஊருக்குப் போய்விடுவது அடிக்கடி நடக்கும் என்பதால், அந்த இடத்துக்கு மட்டும் தொடக்கத்திலிருந்தே இருவரைப் பயிற்றுவித்து வைத்திருங்கள்.